பெயரில் வாழும் படம்

பிள்ளை பிறந்த 31ஆம் நாள் துடக்குக் கழித்து, பாட்டன் பெயரையோ குலதெய்வத்தின் திருநாமத்தையோ சூட்டி மகிழ்வது நம்மவரின் பழைய வழக்கம். கடலில் இறக்கும் புது வள்ளத்துக்கும் ஒரு பெயர் எழுதுகின்றோம். கட்டி முடித்த வீட்டின் வாசலிலும் ஒரு பெயர் பொறிக்கின்றோம். பெயர் இட்ட பின்னரே ஒரு பொருள் நமக்கு உரியதாகின்றது என்பது நம் முன்னோர் கொண்ட எண்ணம் போலும்.

இக்காலத்து வாலிபர் கைகளில் புதியதொரு பிள்ளை தவழ்கின்றது. அதுவே கணினிச் செயலி. நம் நிலாவெளி, கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. கடைக் கணக்கிற்கும், வானிலை பார்ப்பதற்கும், தேவாரம் கேட்பதற்கும் செயலிகள் வந்துவிட்ட காலம் இது. நம்மூர் வாலிபன் ஒருவன் தானும் ஒரு செயலி ஆக்கி, தன் நெஞ்சில் நிலைத்த ஒரு பழைய திரைப்படத்தின் பெயரை அதற்குச் சூட்ட விரும்பினால் மூத்தோர் என் சொல்வர்? "தொழிலுக்குப் படப் பெயரா? விளையாட்டுப் புத்தி!" என்று முகஞ் சுளிப்போரே பலராக இருப்பர். அது விளையாட்டுப் புத்திதானா என்பதைச் சரித்திரத்தைக் கேட்டே அறிவோம். அந்தச் சரித்திரத்தின் ஓர் இழை நம் சுவாமிமலையின் அடிவாரக் கடலிலிருந்தே தொடங்குகின்றது என்பது அறிந்து மகிழத்தக்கது.

கல் போயிற்று, பெயர் நின்றது

திருக்கோணேசுவரம் திருஞானசம்பந்த சுவாமிகளின் பதிகம் பெற்ற திருத்தலம். ஏழாம் நூற்றாண்டிலே அவர் பாடிய கோணமலை என்னும் பெயரை நாம் இன்றும் சொல்லுகின்றோம். 1620களில் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தினு டி சா அக்கோயிலை இடித்தான். கோயிற் கற்கள் கோட்டைச் சுவராயின. அக்கோட்டையே பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் பிரெடரிக் கோட்டை என்று பெயர் பெற்றது. எஞ்சிய கற்களிற் பல கடலில் வீழ்ந்தன. தூணும் தூபியும் கண்ணுக்கு மறைந்த பின்னரும் நம் மக்கள் மலை உச்சிக்குச் சென்று கடலை நோக்கி வழிபட்டனர். அவர்களுக்கு வழிகாட்ட எஞ்சியிருந்தது அந்தப் பெயரும் அதனுடன் ஒட்டிய நினைவுமே.

1950இல் கோயிற் சூழலிலே கிணறு வெட்டியபோது வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும், அவருடைய தோழர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கு வேலைப்பாடுள்ள பழங் கற்களைக் கண்டனர். ஏறத்தாழ 330 ஆண்டுகளாக மக்கள் வாய்மொழியாகச் சொல்லி வந்ததற்குக் கடலே சாட்சி கூறியது. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிறைவேறியது.

கல்லைக் கடல் கொண்டுபோகும். பெயரைக் கொண்டுபோக அதற்கு வலிமை இல்லை. இக்கட்டுரை முழுவதிலும் நாம் மனத்தில் வைத்திருக்க வேண்டியது இதுவே.

மூழ்கியவர் எழுதிய படம்

கடலில் மூழ்கிய அந்த இருவர் கதையும் அதனோடு முடிந்துவிடவில்லை. மைக் வில்சன் 1962இல் வெளிவந்த ‘ரன் முத்து தூவ’ என்னும் சிங்களத் திரைப்படத்தை ஆக்கினார். சிங்களத்தில் முதன்முதல் வெளிவந்த முழுநீள வண்ணப்படம் அது. பிற்காலத்தில் அவர் உலக வாழ்வின் ஆரவாரத்தை விட்டுக் கதிர்காமக் கந்தன்பால் ஈடுபட்டு, சுவாமி சிவகல்கி என்னும் பெயர் பூண்டார். பெயரை மாற்றிக்கொண்டு வாழ்வையே மாற்றிக்கொண்டவர் அவர்.

கிளார்க் 1956 முதல் இலங்கையிலேயே தங்கி, 2008இல் கொழும்பிலே காலமானார். அவரும் அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து திரைக்கதை எழுதிய ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ என்னும் படம் 1968 ஏப்ரலில் வெளிவந்தது. மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னரே வெளிவந்த படம் அது. வியாழன் என்னும் கிரகத்தை நோக்கிச் செல்லும் பெருங் கப்பல், அதனை நடத்தும் ‘ஹால் 9000’ என்னும் பேசுங் கணினி, பெருங் கப்பலிலிருந்து வெளியே போய்த் திரும்பும் சிறு கலங்கள் ஆகியவற்றைப் பார்த்தவர் மறவார். அச்சிறு கலத்திற்கு ஆங்கிலத்தில் ‘பொட்’ என்று பெயர்.

நம்மவர் பெருமைப்படத்தக்க ஒரு செய்தியும் உண்டு. இக்கதையின் தொடர்ச்சியாகக் கிளார்க் 1982இல் எழுதிய ‘2010: ஒடிசி டூ’ என்னும் நாவலிலே ஹாலின் ஆசானாக ஒரு கணினிப் பேராசிரியர் வருகின்றார். அவர் பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. நம் ஊர்க் கோயில் உபயகாரர் பட்டியலிலே காணக்கூடிய பெயர் அல்லவா இது? உலகம் முழுதும் படித்த கதையில் அப்பெயர் இடம் பெற்றது. கிளார்க் நெடுங்காலம் வாழ்ந்த நாட்டிலே இத்தகைய பெயர்கள் அன்றாடம் காதில் விழுவன என்பதை நாம் நினைத்துக்கொள்ளலாம்.

வெண்ணிறப் பெட்டிக்குப் பெயர் வந்த கதை

2001ஆம் ஆண்டு அமெரிக்க அப்பிள் கொம்பனியார், ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கேட்கத்தக்க ஒரு சிறு கருவியை ஆக்கினர். அதற்குப் பெயர் தேட உதவியவர்களுள் வின்னி சீக்கோ என்னும் விளம்பர எழுத்தாளரும் ஒருவர். வெண்ணிறமான அக்கருவியைக் கண்டவுடன் அவர் மனத்தில் எழுந்தது குப்ரிக்கின் படமே. வீட்டிலுள்ள கணினி பெருங் கப்பல். அதிலிருந்து பிரிந்து சென்று, பின் அதனிடமே திரும்பி வரும் இக்கருவி சிறு கலம். படத்திலே அச்சிறு கலம் இருக்கும் அறையின் கதவைத் திறக்குமாறு விண்வெளி வீரன் ஹாலிடம் கேட்கும் கட்டம் புகழ்பெற்றது. அதனை நினைந்தே ‘பொட்’ என்னும் சொல்லை அவர் எடுத்தார். அப்பிள் கொம்பனியாரின் வழக்கப்படி முன்னே ஓர் ‘ஐ’ சேர்ந்தது. 2001 ஒக்டோபர் 23ஆம் நாள் ‘ஐபொட்’ உலகுக்கு அறிமுகமாயிற்று. படத்தின் தலைப்பில் உள்ள ஆண்டும் பெயர் வெளிவந்த ஆண்டும் ஒன்றாய் அமைந்தமை வியப்பே.

பெயரின் பயணம் அத்துடன் நிற்கவில்லை. 2004இல் பென் ஹமர்ஸ்லி என்னும் பத்திரிகையாளர், இணையத்தில் வரும் பேச்சு நிகழ்ச்சிகளைக் குறிக்க ‘பொட்காஸ்ட்’ என்னும் சொல்லை எழுதினார். ஐபொட்டின் பின்பாதியும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதியும் சேர்ந்த சொல் அது. 2012இல் அப்பிள் கொம்பனியார் ‘பொட்காஸ்ட்ஸ்’ என்றே ஒரு தனிச் செயலியை வெளியிட்டனர். 2022இல் ஐபொட் கருவி உற்பத்தி நிறுத்தப்பட்டது. கருவி போயிற்று, பெயர் செயலியிலே நிற்கின்றது. சமயச் சொற்பொழிவுகளைக் கைத்தொலைபேசியில் கேட்போர் அச்சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம், சுவாமிமலைக் கடலில் மூழ்கிய ஒருவரின் கற்பனையில் ஒரு துளியை அறியாமலே உச்சரிக்கின்றனர்.

மோசமான படமும் நல்ல பயனும்

மேலே கண்டது யாவரும் போற்றும் படம். இனி, யாவரும் நகைத்த ஒரு படத்தின் கதையைக் கேளுங்கள்.

எட் வூட் என்பவர் இயக்கிய ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்னும் அமெரிக்கப் படம் 1957இல் முன்காட்சியாகக் காட்டப்பெற்று, பின்னர் பொதுவாக வெளிவந்தது. வேற்றுலகத்தார் பூமிக்கு வந்து, தம் ஒன்பதாவது திட்டப்படி இறந்தோரை எழுப்புவது அதன் கதை. பணமும் குறைவு, வேலைத்திறனும் குறைவு. 1980இல் வெளிவந்த ஒரு நூல், அதுவரை வந்த படங்களுள் இதுவே மிக மோசமானது என்று பட்டஞ் சூட்டியது. பட்டம் கிடைத்த பின்னரே அதன் புகழ் பெருகியது! குறை நிறைந்த படமாயினும், அதை எடுத்தவரின் ஆர்வம் உண்மையானது என்பதனால் பலர் அதனை நேசித்தனர்.

அவ்வாறு நேசித்தவர்களுள் நியூ ஜேர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கணினி அறிஞரும் அடங்குவர். 1969இல் ‘யூனிக்ஸ்’ என்னும் புகழ்பெற்ற இயங்குதளம் பிறந்த இடம் பெல் ஆய்வுகூடமே. கணினி முழுவதையும் நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படும். யூனிக்ஸை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சனும், றொப் பைக் முதலிய தோழரும் 1980களின் பிற்பகுதியிலே அதனினும் புதியதொரு இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘பிளான் 9’. அந்தப் படத்திற்கு வணக்கஞ் செலுத்தவும், விற்பனைக்காரரைச் சற்றே முகஞ் சுளிக்கவைக்கவுமே அப்பெயரைத் தேர்ந்ததாக அவர்களே கூறியுள்ளனர். முகஞ் சுளிக்கும் மூத்தோர் அங்கும் இருந்தனர் போலும்! அதன் சின்னமான முயற்குட்டிக்கும் ‘கிளெண்டா’ என்று பெயர். அது எட் வூட் 1953இல் எடுத்த வேறொரு படத்தை நினைவூட்டுவது.

பிளான் 9 முதன்முதல் 1992இல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. வாணிகத்தில் அது வெற்றி பெறவில்லை. ஆனால் அதே 1992 செப்டெம்பர் மாதத்தில் நிகழ்ந்த ஒன்று தமிழ் மக்களாகிய நமக்கு மிகவும் வேண்டியது.

உலக மொழிகள் அனைத்தின் எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் ‘யூனிக்கோட்’ என்னும் அட்டவணை 1991இல் வெளிவந்தது. தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆயின் அவ்வெண்களைக் கணினிக்குள் எவ்வாறு எழுதி வைப்பது என்பதிலே சிக்கல் இருந்தது. அக்காலக் கணினிகள் ஆங்கில எழுத்தை ஒரு பைட்டில் அடக்கிப் பழகியவை. புதிய முறையைப் புகுத்தினால் பழைய மென்பொருள்கள் தடுமாறும். ஒரு நாள் இரவு உணவு விடுதியிலே, மேசை மேல் விரித்திருந்த காகித விரிப்பில் கென் தொம்சன் ஒரு வழியை எழுதிக் காட்டினார். றொப் பைக் உடனிருந்தார். ஆங்கில எழுத்து முன்போல் ஒரே பைட்டில் நிற்கும். ஏனைய எழுத்துகள் பல பைட்டுகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ளும். எங்கிருந்து படிக்கத் தொடங்கினாலும் எழுத்தின் எல்லை விளங்கும். அவ்வளவே உபாயம். அந்த வாரத்துக்குள்ளேயே பிளான் 9 முழுவதும் அம்முறைக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்று ‘யூ.ரி.எஃப்.-8’ எனப்படுவது. உலக இணையப் பக்கங்களில் நூற்றுக்கு 98க்கு மேற்பட்டவை இப்பொழுது அம்முறையிலேயே எழுதப்படுகின்றன.

இம்முறையில் தமிழுக்குரிய ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ‘நிலாவெளி’ என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்குத் தோன்றுவன நான்கு எழுத்துகள். கணினி மெய்யை ஒன்றாகவும் உயிர்க்குறியை ஒன்றாகவும் கொள்வதால் அதற்கு அவை எட்டுக் குறியீடுகள். எட்டு மூன்று இருபத்து நான்கு பைட்டுகள். இதற்கு முன்னர் நம் நாட்டிலே ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களைக் கொண்டு தட்டச்சு செய்தோர், அதே எழுத்துரு இல்லாத கணினிக்குக் கடிதம் அனுப்பினால் அங்கே பொருளற்ற குறிகளே தோன்றும். கனடாவிலுள்ள மகனுக்கும் நிலாவெளியிலுள்ள தாய்க்கும் இடையிலே எழுத்தே தடையாய் நின்ற காலம் அது. அத்தடை நீங்கியதற்குப் பலரது உழைப்பு உண்டு. அவ்வுழைப்பின் முக்கியமானதொரு பகுதி, எல்லோரும் நகைத்த படத்தின் பெயரைத் தாங்கிய இயங்குதளத்திலேதான் முதன்முதல் உயிர் பெற்றது.

பிளான் 9இன் உரிமை 2021இல் அதன் பெயரிலேயே அமைந்த ஓர் அறநிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று யாவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். கடையிலே தோற்றது, உலகுக்குத் தொண்டனாயிற்று.

பொம்மைகளின் வரிசை

மூன்றாவது எடுத்துக்காட்டு சற்றே சிறிது. ‘டெபியன்’ என்னும் இலவச இயங்குதளத்தை 1993இல் இயன் மேர்டொக் தொடங்கினார். தம் காதலியான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் அப்பெயரை அமைத்தார். பின்னர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற புரூஸ் பெரென்ஸ், பிக்ஸார் என்னும் படநிறுவனத்தில் பணிபுரிந்தவர். அந்நிறுவனம் 1995இல் வெளியிட்ட ‘டோய் ஸ்டோரி’, முழுவதும் கணினியாலே வரையப்பட்ட முதல் முழுநீளப் படம். 1996இல் வெளிவந்த டெபியன் பதிப்புக்கு அப்படத்துப் பொம்மையாகிய ‘பஸ்’ஸின் பெயர் இடப்பட்டது. அன்று தொடங்கிய வழக்கம் 2025இல் வெளிவந்த ‘டிரிக்ஸி’ பதிப்பு வரை தொடர்கின்றது. சோதனை முடியாத, எந்நேரமும் பழுதாகக்கூடிய பகுதிக்கு மட்டும் ‘சிட்’ என்று நிலையான பெயர். படத்திலே பொம்மைகளை உடைக்கும் அயல்வீட்டுக் குறும்புச் சிறுவன் அவன்! பெயரே எச்சரிக்கையாயிற்று. தலைமைகள் மாறின, ஒரு சொல்லில் தொடங்கிய வழக்கு மாறவில்லை.

பெயருக்கும் உடையவர் உண்டு

இவற்றைக் கேட்டு, விரும்பிய படப் பெயரை எல்லாம் உடனே எடுத்துச் சூட்டிவிடலாம் என்று வாலிபர் எண்ணிவிடலாகாது. 2009இல் மொட்டோரோலா நிறுவனத்தார் ‘டிரொயிட்’ என்னும் கைத்தொலைபேசியை வெளியிட்டனர். அச்சொல் 1977இல் வந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தால் பரவியது. அதன் வணிக உரிமை ஜோர்ஜ் லூகாஸின் நிறுவனத்திடம் இருந்தமையால், முறைப்படி அனுமதி பெற்றே அப்பெயர் பயன்படுத்தப்பட்டது. பிறர் தோட்டத்துப் பூவைச் சுவாமிக்குச் சாத்துவதாயினும் கேட்டுப் பறிப்பதே முறை. வணிகத்துக்காகச் செயலி ஆக்குவோர் இதனை மறத்தல் கூடாது.

பெயரைச் சுற்றிப் பொய்க் கதையும் முளைக்கும் என்பதை ஹாலின் பெயரே காட்டும். அதன் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் அடுத்த எழுத்தை எடுத்தால் ‘ஐ.பி.எம்.’ என்னும் பெருங் கணினிக் கொம்பனியின் பெயர் வரும். அதனைக் கிண்டல் செய்யவே அவ்வாறு பெயரிட்டார் என்று பலர் பேசினர். கிளார்க் அதனைப் பலமுறை மறுத்தார். ஆயினும் பேச்சு ஓயவில்லை. பெயரிட்டவர் காரணத்தை எழுதி வைக்காவிட்டால் ஊரார் தமக்குத் தோன்றியதை எழுதிவிடுவர்.

நாம் செய்யத்தக்கது

வாலிபர்களே! நேசித்த படத்தின் பெயரைச் சூட்டுவது விளையாட்டுப் புத்தி அன்று என்பதை மேற்கண்ட சரித்திரங்கள் உணர்த்துகின்றன. பெரும் அறிஞர்களே அதனைச் செய்துள்ளனர். ஆயின் அவர்கள் பெயரை நம்பி வேலையைக் குறைத்தாரல்லர். பெயர் சூட்டியபின் அதற்குத் தகுந்த பயனை உலகுக்கு அளித்தனர். பயனற்ற செயலிக்கு எந்தக் காவியத்தின் பெயரை இட்டாலும் ஆறு மாதத்திற்குள் அது கைத்தொலைபேசியிலிருந்து நீக்கப்பட்டுவிடும்.

மூத்தோரே! படத்தின் பெயரைக் கேட்டவுடன் நகையாதிருங்கள். அந்தப் படத்தை அவன் எங்கே, யாருடன் பார்த்தான், அதிலே அவனைப் பிடித்தது எது என்று கேளுங்கள். தந்தையுடன் பார்த்த படமாகவும் இருக்கலாம். மறைந்த தாய்க்குப் பிடித்த படமாகவும் இருக்கலாம். அப்படியாயின் அதுவும் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது போன்றதொரு நன்றிக்கடனே.

இருவருக்கும் பொதுவாய் ஒன்று சொல்லி முடிக்கின்றோம். பெயர் சூட்டும்போது அதன் காரணத்தையும் இரண்டு வரியில் செயலியின் முகப்பிலே, தமிழிலே எழுதி வையுங்கள். எழுதும் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாய் உலகெங்கும் பழுதின்றிச் செல்லும் வசதி இன்று நமக்கு உண்டு. கடலினுள்ளே கிடந்த கற்களைத் தேடிச் சென்றவர்க்கு வழிகாட்டியது நம் முன்னோர் விடாது சொல்லி வந்த பெயரும் கதையுமே. நம் பிள்ளைகள் ஆக்கும் செயலிகளும் ஒரு நாள் பழையனவாகி மறையும். அவற்றின் பெயரையும் அப்பெயரின் கதையையும் நினைவில் வைத்திருப்போர் இருக்கும்வரை, நிலாவெளி வாலிபன் ஒருவன் எதனை நேசித்தான் என்பது மறையாது.